நீர் புகாத காலணி

2014 மார்ச்சில் அந்தக் காலணிகளை வாங்கி வந்த அன்று, முதல் வேலையாகச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். ஒன்று 520 கிராம். "மிளகாய்த்தூள் நிறுக்கிற தராசுங்க அது" என்று மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டு போய் இருமுறை கழுவினாள். நான் காதில் வாங்கவில்லை. அதற்கு முன் எட்டு வருடங்களாக நான் சுமந்து நடந்த தோல் பூட்ஸ் ஒன்றின் எடை 900 கிராம். காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது மலை நடப்பவர்களிடையே புழங்கும் கணக்கு. அந்தக் கணக்கின்படி முதுகிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோவை ஒரே நாளில் இறக்கி வைத்திருந்தேன். கூடவே நீரும் புகாதாம். மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

நான் வசிப்பது வட இங்கிலாந்தில். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள். மலை என்று சொல்ல நம்மூர்க்காரனுக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கும். அங்குள்ள மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக் வெறும் 978 மீட்டர். ஊட்டி நகரமே அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. ஆனால் உயரத்தில் இல்லாதது ஈரத்தில் இருக்கிறது. பாரோடேல் பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் சீத்வெயிட் என்ற சிற்றூர்தான் இங்கிலாந்தில் மனிதர்கள் குடியிருக்கும் இடங்களில் மிக அதிக மழை பெறுவது. அதன் அருகிலுள்ள ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பரில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் 341.4 மில்லிமீட்டர் பெய்தது. மழை ஓய்ந்த நாட்களிலும் குடித்த நீரையெல்லாம் அந்தத் தரை கக்கிக்கொண்டே இருக்கும். புல்வெளி என்று நம்பிக் கால் வைத்தால் கணுக்கால்வரை கறுத்த சேறு.

இவ்வகைக் காலணியின் உள்ளே, துணிக்கும் உள்வரிக்கும் நடுவில், ஒரு சவ்வு இருக்கிறது. 1969இல் பாப் கோர் என்ற அமெரிக்கர் சூடேற்றிய டெஃப்லான் தண்டுகளை நிதானமாக இழுத்து நீட்டப் பார்த்தார். ஒவ்வொன்றும் அறுந்தது. பொறுமையிழந்து ஒன்றை வெடுக்கென்று இழுக்க, அது அறுபடாமல் பல மடங்கு நீண்டு, எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட பொருளாகிவிட்டது. நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி வெளியேற முடிந்த துளைகள். அறிவியல் வரலாற்றில் எரிச்சலுக்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

முதல் மூன்று வருடங்கள் அந்தக் காலணிகள் சொன்ன சொல் தவறவில்லை. நடந்த தூரத்தை ஒரு நோட்டில் குறித்துவைக்கும் வழக்கம் எனக்கு இருந்தது. ஓடைகளைக் கடந்து, நனைந்த செடிகளுக்குள் நாளெல்லாம் நடந்து திரும்பி, காலுறையைத் தொட்டுப் பார்த்தால் வேர்வையின் லேசான ஈரம் மட்டுமே இருக்கும். துணியின் மேல் பூச்சு முதல் வருடத்திலேயே தேய்ந்துவிட்டது. மழைநீர் முத்துமுத்தாக உருண்டு விழுவது நின்று, துணி நீரைக் குடித்துக் கனக்கத் தொடங்கியது. அப்போதும் சவ்வு காத்தது. புட்டியில் விற்கும் தெளிப்பானை வாங்கி அடித்தால் இரண்டு மூன்று நடைகளுக்குப் பழைய முத்துக்கள் திரும்ப வரும்.

2017 இலையுதிர் காலத்தில் இடது காலின் சுண்டுவிரல் பக்கம் குளிர்ந்தது. வேர்வையா, கசிவா? குளியல் தொட்டியில் கணுக்கால்வரை நீர் நிரப்பி, காலணிக்குள் உலர்ந்த காகிதத்தைத் திணித்து, அணிந்துகொண்டு கால்மணி நேரம் நின்றேன். கதவைத் திறந்துபார்த்த மகள், அப்போது அவளுக்கு ஆறு வயது, ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டுப் போனாள். காகிதத்தின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். நோட்டைப் பார்த்தேன்: 940 கிலோமீட்டர். விரல்கள் மடங்கும் இடத்தில் காலணியும் ஒவ்வோர் அடிக்கும் மடங்குகிறது. அந்த மடிப்பில் நுழைந்த மணல் உள்ளிருந்து அறுத்திருக்கிறது.

நீர் புகாத காலணிக்குள் நீர் புகுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை விளம்பரங்கள் எழுதுவதில்லை. புகுந்த நீர் வெளியேறாது. சாதாரணக் கான்வாஸ் ஷூ நடக்க நடக்கப் பிழிந்து உலர்ந்துவிடும். இதுவோ ஒரு குவளை. 2018 ஜூலையில் ஊருக்கு வந்தபோது வால்பாறைக்கு இவற்றையே அணிந்து போனேன். அது இன்னொரு பாடம். உள்ளிருக்கும் ஆவி வெளியேற வேண்டுமானால் வெளிக்காற்று உள்ளைவிட உலர்ந்தும் குளிர்ந்தும் இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் காற்றே நீராக நிற்கும் தேயிலைக் காட்டில் ஆவி எங்கே போகும்? மாலையில் கழற்றியபோது பாதங்கள் அவித்த பனங்கிழங்குபோல் இருந்தன. ரப்பர்ச் செருப்பில் வந்த வழிகாட்டி காலைத் துடைத்துக்கொண்டு அட்டைகளை உப்பிட்டு உதிர்த்தார். என் பூட்ஸுக்குள் இருந்த அட்டைகளுக்கு மட்டும் அன்றிரவு தங்க இடம் கிடைத்தது.

இருந்தும் அவற்றின்மேல் பிரியம் குறையவில்லை. 2019இல் அப்பா படுத்தார். விடுமுறைகளெல்லாம் ஊருக்கும் மருத்துவமனைக்குமாகக் கழிந்தன. பின்பு நோய்த்தொற்றுக் காலம். விமானம் இல்லை, அப்பாவும் இல்லை. 2019 செப்டம்பரில் கடைசியாக நடந்து வந்த அன்று காலணிகளைக் கழுவி, நாளிதழ் திணித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, படிக்கட்டின் கீழுள்ள அலமாரியில் வைத்தேன். பாய்லர் இருப்பதால் அங்கே எப்போதும் இதமான சூடு. நல்ல பொருளை நல்ல நாளுக்கு என்று எடுத்துவைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். அம்மாவின் பெட்டியில் மடிப்புக் கலையாத பட்டுப்புடவைகள் இழைவிட்டுக் கிடந்ததைப் பார்த்தும் இருக்கிறேன்.

2023 மே மாதம், பன்னிரண்டு வயதாகிவிட்ட மகள் ஸ்காஃபெல் பைக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். பையைத் திறந்தேன். காலணிகள் வைத்தபடியே இருந்தன. அடியின் முண்டுகள்கூட அதிகம் தேயவில்லை. சீத்வெயிட்டிலிருந்து ஏறினோம். உச்சியின் பாறைக் குவியல்வரை ஒரு குறையும் இல்லை. காரிடர் ரூட் என்ற பாதையில் இறங்கும்போதுதான் வலது குதிகால் கொழகொழத்தது. சேறு என்று நினைத்தேன். நாலு அடியில் அடித்தட்டு பின்பக்கமாகப் பிளந்து நாக்குப்போல் தொங்கியது. குனிந்து பார்த்தால், ரப்பருக்கும் மேல்பாகத்துக்கும் நடுவிலிருந்த மெத்தை போன்ற தட்டு பழைய கேக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. கையில் எடுத்தால் தூள்.

மகள் முதலில் சிரித்தாள். பிறகு கீழே தெரிந்த பள்ளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அவளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதாக மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவன் நான். பிளாஸ்டர் நாடாவால் சுற்றினேன், ஈரத்தில் ஒட்டவில்லை. லேஸின் ஒரு பாதியை அறுத்துக் கட்டினேன். அவள் தலையிலிருந்த இரண்டு ஹேர்பேண்டுகளையும் கழற்றிக் கொடுத்தாள். அரைமணியில் இடதும் வாயைத் திறந்தது. ரப்பர் மொத்தமும் கழன்றபின், வழவழப்பான உள்தட்டில் ஈரப் பாறைகளின்மேல் இறங்கினேன். அவள் முன்னால் போய் ஒவ்வொரு கல்லையும் மிதித்துச் சோதித்து, "அப்பா, இது ஆடுது, அடுத்ததுல வைங்க" என்றாள். ஸ்டை ஹெட்டில் மீட்புக்குழுவின் ஸ்ட்ரெச்சர் வைத்திருக்கும் பெட்டியைக் கடக்கும்போது இருவருமே அதைப் பார்த்தோம், பேசவில்லை. ஸ்டாக்லி பாலத்துக்கு வரும்வரை அவள் என் விரலை விடவில்லை. யார் யாரைப் பிடித்திருந்தோம் என்று சொல்வது கடினம்.

என் தாய்மாமா ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வீடியோவில் காட்டினேன்.

"பி.யு. சோலு மாப்ள. எங்க வெச்சிருந்தே?"

சொன்னேன்.

"கவர்ல கட்டி, சூட்டுல வெச்சியா? சரியாப் போச்சு. எங்க கிடங்குலயே ரெண்டு வருசம் தங்கின சரக்கு, பொட்டியத் தொறந்தா இப்படித்தான் கொட்டும். போட்டு நடந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் வந்திருக்கும்."

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பாலியூரித்தேனில் இரு வகை. உறுதியும் தேய்மானத் தாங்குதலும் மிக்க எஸ்டர் வகையைக் காற்றின் ஈரமே மெல்ல மெல்லப் பிரித்துவிடும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்ததுதான். வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஈத்தர் வகை நீருக்குத் தாக்குப்பிடிக்கும், ஆனால் அத்தனை உறுதியில்லை. ஆலையில் வார்த்த நாளிலிருந்தே அந்தச் சிதைவு தொடங்கிவிடுகிறது. என் பாதத்தை மழையிலிருந்து காக்க அத்தனை நுட்பமான சவ்வு. அந்தச் சவ்வு நின்ற தட்டையோ, மூடிய பையிலிருந்த கண்ணுக்குத் தெரியாத ஈரம் தின்றுவிட்டது.

"தூக்கிப் போட்டுடாத, வரும்போது எடுத்தா" என்றார் மாமா. 2024 ஜனவரியில் கொண்டுபோனேன். ஓரமெல்லாம் தையல் போட்டு, கனத்த ரப்பர் சோல் வைத்துத் திருப்பித் தந்தார். ஊசி போன இடமெல்லாம் சவ்வு துளைபட்டது. இனி அது எந்த மழைக்கும் தாங்காது. காசு வாங்க மறுத்துவிட்டார். இப்போது அவை வாசற்கதவின் பக்கத்திலேயே கிடக்கின்றன. பால் வாங்கவும் குப்பைத்தொட்டியைத் தள்ளவும் அவற்றில்தான் போகிறேன். தரையில் சேறு என்று வீட்டில் தினமும் வழக்கு.

போன மாதம் மனைவி வெளியே போயிருந்தபோது மகள் ஒன்றைத் தராசில் வைத்தாள். 710 கிராம். தராசைக் கழுவியது நான்.