கணினி காக்கும் வழாநிலை

பிழையின்றிப் பேசுதலையும் எழுதுதலையும் நம் இலக்கண ஆசிரியர்கள் வழாநிலை என்றனர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடங்களில் வழு நேரும் என்று நன்னூல் வகுத்துரைக்கின்றது. தமிழிலக்கியம் பயின்று, பின்னர் மென்பொருள் எழுதும் தொழிலுக்கு வந்த எனக்கு அவ்வகுப்பறைப் பாடம் நாள்தோறும் நினைவுக்கு வருகின்றது. அதற்குக் காரணமான ஒரு சிறு கருவியைப் பற்றி இம்மலரில் எழுத விழைகின்றேன்.

இன்று இணையதளங்கள் பல மொழிகளில் இயங்குகின்றன. அவற்றின் செய்திகளைச் சேமித்து, ஒழுங்குபடுத்தி, வெளியிட உதவும் மென்பொருளை உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பர். டென்மார்க் நாட்டில் தோன்றி, திறந்த மூல மென்பொருளாக வெளிவந்த 'அம்பிராகோ' அவற்றுள் ஒன்று. அதில் 'அகராதி' என்னும் பொருள்பட்ட பெயரிலேயே ஒரு பகுதி உண்டு. தொடர் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிச்சொல் அமையும். அதன்கீழ் ஆங்கிலம், அரபு, தமிழ் என மொழிதோறும் அத்தொடரின் வடிவம் இடம்பெறும். நிரல் எழுதுவோர் தொடரை எழுதாமல் குறிச்சொல்லை மட்டும் மேற்கோள் குறிகளுக்குள் எழுதுவர். படிப்பவரின் மொழிக்கேற்ற தொடர் திரையில் தோன்றும்.

இடர் இங்குதான் பிறக்கின்றது. மேற்கோளுக்குள் இருக்கும் சொல் அகராதியில் உள்ளதா என்று கம்பைலர் ஆராய்வதில்லை. குறிச்சொல்லில் ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும், ஒரு மொழியில் மட்டும் தொடர் விடுபட்டாலும், நிரல் தடையின்றி இயங்கும்; திரையில் மட்டும் வெற்றிடம் தோன்றும். தமிழ் மட்டுமே அறிந்த என் பெரியம்மா, மருத்துவரைக் காணும் நாளை மாற்றுவதற்காக ஒரு மருத்துவமனையின் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தார். அங்கே சொல் ஏதுமற்ற பொத்தான் ஒன்றே இருந்தது. அதை அழுத்தினால் என்ன நேருமோ என்றஞ்சி, மறுநாள் பேருந்தேறி நேரில் சென்று கேட்டு வந்தார். ஆங்கிலப் பக்கத்தின் அதே பொத்தானில் சொல் இருந்தது. விடுபட்ட ஒரு சொல்லுக்கு அம்முதியவர் கொடுத்த விலை ஒரு நாட்பயணம்.

இவ்விடரைக் களையவே நான் குறிப்பிட்ட கருவி பயன்படுகின்றது. 2015-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'விஷுவல் ஸ்டுடியோ கோட்' போன்ற நிரல் திருத்திகளுடன் இணைத்துக்கொள்ளும் நீட்சி அது. பதிப்பாசிரியர் ஒரு நூலின் சொற்களையெல்லாம் திரட்டிச் சொல்லடைவு அமைப்பது போல, அது அகராதிப் பகுதியின் குறிச்சொற்களையெல்லாம் படித்து, அவற்றுக்குரிய நிரற்கோப்பு ஒன்றைத் தானே எழுதித் தருகின்றது. அதன்பின் குறிச்சொல்லை நினைவிலிருந்து எழுத வேண்டியதில்லை. திருத்தியே பட்டியலைக் காட்டும். இல்லாத சொல்லை எழுதினால் அதன்கீழ்ச் சிவப்புக் கோடு விழும். ஒரு தொடரில் எண் வரவேண்டிய இடத்தில் பெயரை இட்டால், பால் வழுவைச் சுட்டும் ஆசிரியரைப் போல அதையும் சுட்டும். அகராதியிலிருந்து ஒரு சொல் நீக்கப்படின், கோப்பை மீண்டும் ஆக்கியவுடன் அச்சொல் வழங்கும் இடங்களெல்லாம் புலப்படும். எல்லா மொழிக்கும் எல்லாத் தொடரும் வேண்டும் என்று விதித்துவிட்டால், தமிழில் விடுபட்டதும் வெளியீட்டுக்கு முன்பே தெரிந்துவிடும்.

ஆயின் இக்காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஊர்ப்பெயர் வரும் இடத்தை வெற்றாக விட்டு, அதன்பின் 'இல்' என்னும் உருபை ஒருவர் எழுதிவைத்தால், திரையில் 'சென்னைஇல்' என்று தோன்றும். கேட்டது பெயர், வந்ததும் பெயர் என்று கருவி நிறைவடையும். உடம்படுமெய் வேண்டும் என்பதைத் தமிழ் பயின்றவரே அறிவார். 'ஊர்: சென்னை' எனத் தொடரையே மாற்றியமைக்கவும் அவரே வழி சொல்வார். எண்ணிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. மென்பொருள்கள் பின்பற்றும் யூனிகோடு அமைப்பின் மொழித் தரவுகள், எண்ணுப்பெயருக்கேற்பத் தொடர் மாறுவதில் தமிழுக்கு 2 வகைகளையும், இருமை வழங்கும் அரபுக்கு 6 வகைகளையும் வகுத்துள்ளன. ஆங்கிலத்தை மட்டும் எண்ணி எழுதிய தொடர் இவ்விரு மொழிகளுக்கும் ஒருங்கே பொருந்துதல் அரிது.

ஆகவே, சொல் இருக்கின்றதா என்று காக்கும் பணியைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். அச்சொல் தமிழாக இருக்கின்றதா என்று காக்கும் பணி நம்முடையது. புணர்ச்சியும் வேற்றுமையும் தேர்வோடு முடிந்துபோகும் பாடங்கள் என்று எண்ணும் மாணவர்கள், மென்பொருள் நிறுவனங்களின் மொழிபெயர்ப்புக் கோப்புகளை ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும். தமிழாசிரியரின் சிவப்பு மைக்கு அங்கே நிறையப் பணி காத்திருக்கின்றது.