சாட்சியில் வராத பாவங்கள்

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. "பிரதர், நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா? எந்தத் தேதி?" கன்வென்ஷன் பந்தலிலோ ஜெபக்கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்திலோ முன்பின் தெரியாதவர்கூடக் கேட்டுவிடுவார். தேதி சொல்லத் தெரிந்தவர்கள் பாக்கியவான்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல் என்று சபைக்குள்ளேயே பிறந்து வளர்ந்து, பாட்டுப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் ஏதோ சொல்லி மழுப்புவோம்.

தேதி உள்ளவர்களுக்குச் சாட்சி சொல்ல மேடை கிடைக்கும். சாட்சிக்கென்று ஒரு வடிவமும் உண்டு. முதலில் பழைய வாழ்க்கை: பீடி, சினிமா, சாராயம், சீட்டு, கெட்ட வார்த்தை. பிறகு ஒரு வியாதியோ விபத்தோ நஷ்டமோ வரும். "அந்த வேளையில ஆண்டவர் என்னைச் சந்திச்சார்" என்றதும் பந்தலில் அல்லேலூயா எழும்பும். எனக்கு இந்தச் சாட்சிகள்மேல் ஏளனம் இல்லை. குடியை விட்ட ஒருவனால் ஒரு வீடு எப்படி மூச்சுவிடும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியல்தான் உறுத்துகிறது. அறுப்புக் கூலியை இழுத்தடித்தேன் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. மகனுக்கு வாங்கிய நகையைச் சம்பந்தி வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று கேட்டதில்லை. கல்லறைத் தோட்டத்தில் 'அவர்களுக்கு' இடம் விடக் கூடாதென்ற மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன் என்று கேட்டதில்லை. அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை என்பதுதான் விசேஷம். கண்ணீரோடு, மனசாரத்தான் சொல்கிறார்கள். அதெல்லாம் பாவம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இந்த இடத்தில் எனக்கு ஜான் நியூட்டன் ஞாபகம் வராமல் இருக்காது. 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். அவர் கதையை நம் பிரசங்கிகள் சொல்கிற விதம் எல்லாருக்கும் தெரியும்: அடிமை வியாபாரி, கடலில் புயல், மனந்திரும்பினார், பாட்டு எழுதினார். நாலே வரி. அந்த நாலு வரிக்கு நடுவே எத்தனை வருஷங்கள் விழுங்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால் திடுக்கென்று இருக்கும்.

1725-இல் லண்டனில் பிறந்தவர். ஏழு வயது நிறையுமுன் தாய் இறந்துவிட்டார். கடற்படைக்குப் பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டார், ஓடிப் பிடிபட்டுச் சவுக்கடி வாங்கினார், கடைசியில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வியாபாரியிடம் தாமே ஏறக்குறைய அடிமைபோலக் கிடந்தார். ஊர் திரும்பும் வழியில், 1748 மார்ச்சில், 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் அட்லாண்டிக்கில் உடைந்து தண்ணீர் ஏற, மணிக்கணக்காகப் பம்பு அடித்துக்கொண்டே கடவுளைக் கூப்பிட்டார். நம் ஊர்ப் பாஷையில் அதுதான் அவருடைய இரட்சிப்பின் தேதி. சாகும்வரை ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூர்ந்தார்.

அடுத்து என்ன செய்தார் என்பதைத்தான் பந்தலில் சொல்லமாட்டார்கள். அதே வருஷம் இன்னோர் அடிமைக் கப்பலில் முதல் மேட்டாக ஏறினார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அவரே கேப்டன். அந்தக் கப்பல்களில் ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். ஓய்வு நேரத்தில் லத்தீன் படித்தார், மனைவிக்கு உருக்கமான கடிதங்கள் எழுதினார். கெட்ட வார்த்தை பேசுவதை அடியோடு விட்டிருந்தார். 1752 டிசம்பரில், அடிமைகள் கலகத்துக்குத் திட்டமிடுவது தெரியவந்தபோது, இது தெய்வச் செயலால் முன்னமே வெளிப்பட்டது என்று தம் கப்பல் நாட்குறிப்பில் எழுதி, அதே பதிவில், சில பையன்களின் விரல்களைத் திருகுக் கருவியில் வைத்து லேசாக இறுக்கினேன் என்றும் எழுதினார். எதற்காக? அவர்கள் முழு உண்மையை அறிக்கையிட வேண்டும் என்பதற்காக. பாவ அறிக்கை என்ற சொல்லை நாம் வாரந்தோறும் உச்சரிக்கிறோம். ஒரு கிறிஸ்தவக் கேப்டன் அதை இரும்பு வைத்து வாங்கியிருக்கிறார்.

1754-இல் தொழிலை விட்டதும் மனச்சாட்சி உறுத்தி அல்ல. திடீரென்று ஒரு வலிப்பு வந்ததால். 1764-இல் குருவாக அபிஷேகம் பெற்றார். அதே வருஷம் வெளிவந்த தம் வாழ்க்கைக் கதையில் வாலிபத்தின் தேவதூஷணத்தையும் அவிசுவாசத்தையும் விலாவாரியாகச் சொல்லி வெட்கப்படுகிறார். அடிமைத் தொழிலைப் பற்றிச் சொல்லும்போது, அப்போது அது தப்பென்று தோன்றவில்லை என்கிறார். தம்மை ஒரு சிறைக் காவலன் மாதிரி எண்ணி அந்த வேலையில் அருவருப்புப்பட்டதும், வேறு பிழைப்பு தரும்படி ஜெபித்ததும் உண்மை. அதற்கு மேல் இல்லை. குருடனுக்குக் கண் திறந்ததைப் பாடும் அந்தப் பாட்டு 1773 புத்தாண்டன்று ஓல்னி என்ற சின்ன ஊரில் அவருடைய சபைக்காக எழுதப்பட்டது. அடிமை வியாபாரத்தைப் பகிரங்கமாகக் கண்டித்து அவர் துண்டுநூல் வெளியிட்டது 1788-இல். புயலிலிருந்து எண்ணினால் நாற்பது வருஷம்.

அப்படியானால் 1748-இல் நடந்தது பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. பாவத்தைப் பற்றிய கிறிஸ்தவப் போதனை, நியூட்டன் மாதிரி ஓர் ஆளை வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது. பாவம் என்பது செயல்களின் பட்டியலாக மட்டும் இருந்தால், ஒவ்வொன்றாக விட்டுவிட்டு ஒருநாள் கணக்கை முடித்துவிடலாம். பவுல் ரோமருக்கு எழுதிய ஏழாம் அதிகாரத்தில் புலம்புவது அதைப் பற்றி அல்ல. நன்மை செய்ய விரும்பும் மனதுக்குள்ளேயே வேறொன்று குடியிருக்கிறது என்பதுதான் அவர் முறையீடு. மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டவன், நல்லவன். ஆனால் அவன் விருப்பமே கோணிப்போயிருக்கிறது. கோணிய விருப்பம் செய்கிற முதல் வேலை, தன் கோணலைத் தன் பார்வையிலிருந்து மறைப்பது. தான் அறியாத மறைவான குற்றங்களுக்காக மன்னிப்பு வேண்டும் பத்தொன்பதாம் சங்கீதத்துக்கு இது தெரிந்திருந்தது.

ஜென்ம பாவம் என்ற உபதேசத்தை மேற்குச் சபைகளில் இறுக்கிக் கட்டிய அகஸ்டினே இதற்குச் சாட்சி. பதினாறு வயதில் கூட்டாளிகளோடு அயல் மரத்துப் பேரிக்காயைத் திருடிப் பன்றிகளுக்கு வீசியதைப் பற்றித் தம் 'பாவ அறிக்கை' நூலில் பக்கம் பக்கமாக மனம் கசிகிறார். பசி இல்லை, பழமும் ருசியாக இல்லை, திருட்டுக்காகவே திருடினேன் என்று துருவித் துருவிப் பார்க்கிறார். ஆனால் பல ஆண்டுகள் தம்மோடு வாழ்ந்து, ஒரு மகனையும் பெற்றுத் தந்த பெண்ணை, வசதியான கல்யாணம் ஒன்று குதிர்ந்ததும் மிலானிலிருந்து ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பியதற்குச் சில வரிகள்தான். இதயம் கிழிந்து ரத்தம் கசிந்ததாகச் சொல்கிறார். கசிந்தது அவருடைய இதயம். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட எழுதவில்லை. மனித மனதை அவர் அளவுக்குத் தோண்டியவர்கள் குறைவு. அவருக்கே இந்த நிலை.

பார்வை பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. உரியாவைக் கொல்வித்து பத்சேபாளைச் சேர்த்துக்கொண்ட தாவீது, நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்கு வரும்வரை நிம்மதியாகத்தான் ஆண்டுகொண்டிருந்தான். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைக் கேட்டு அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அவன் நியாய உணர்வு மழுங்கவில்லை. மற்றவர்கள் விஷயத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது!

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் விஷயத்துக்கு வருகிறேன். வராமல் போனால் நியூட்டனைப் பற்றி நான் சொன்னதெல்லாம் ஊரான் வீட்டு நெய்யாகிவிடும். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னருக்கு இளமைத் தோழர். பெத்லெகேம் குறவஞ்சி பாடியவர். பாவியின் நிலையையும் ஆண்டவரின் இரக்கத்தையும் தமிழில் உருகிப் பாடியவர்களில் அவருக்கு மேலே ஒருவரைச் சொல்ல எனக்கு நா எழாது. தபசுக் காலத்தில் அவர் கீர்த்தனைகள் இல்லாமல் எங்கள் ஆராதனைகள் இல்லை. 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகளோடு அவருக்குப் பெரிய தகராறு மூண்டது. அவருடைய நான்கு குறைகளில் மூன்றுக்கு நான் இன்றைக்கும் கையெழுத்துப் போடுவேன்: பழகிய வேதத்தை மாற்றாதே, பண்டிகைக்குப் பூவைத் தடுக்காதே, தமிழ்ப் பாட்டைக் கோயிலிலிருந்து துரத்தாதே. நான்காவது குறை, சாதிகளை ஒன்றாக உட்கார வைக்காதே என்பது. சாதி உலக வழக்கம், விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்ற போக்கில் அவர் எழுதியதற்கு, பூவையும் பாட்டையும் காப்பாற்றிய அதே தமிழ்ப் பற்று துணை நின்றது. நியாயமான மூன்றோடு சேர்ந்து நின்றதால் நான்காவதும் நியாயமாகவே தெரிந்திருக்க வேண்டும். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைகளில் சாதி வித்தியாசம் கூடாதென்று ஆணையிட்டபோது, ஆணையை ஏற்பதைவிடச் சபையை விட்டுப் போவது மேல் என்று பலர் போனார்கள். பாட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

கத்தோலிக்கர் பக்கம் மட்டும் வேறாக இருந்ததா? வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய திருக்குடும்பக் கோயிலுக்கு இரண்டு நடுக்கூடங்கள். கால்சட்டையின் இரு கால்கள் பிரிவதுபோல அவை பிரிந்து போகும். சேரும் இடத்தில் பீடம். ஒரு கூடத்தில் ஒரு சாராரும் மற்றதில் மற்றவர்களும். பூசை வைக்கும் குருவானவர் எல்லாருக்கும் தெரிவார், ஒருவருக்கு மற்றவர் தெரியமாட்டார். பிரித்த சுவரை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகற்ற முடிந்தது. அதற்கும் வழக்கு வம்பு எல்லாம் ஆயிற்று. ஒப்புரவைப் போதிக்கும் பலியைச் சுற்றி, கொத்தனார் மட்டக்கோல் பிடித்து, நூல் கட்டி, இவ்வளவு அழகாக ஒரு பிரிவினையைக் கட்டியிருக்கிறார் என்றால், யாரோ அதற்கு வரைபடம் போட்டிருக்கிறார்கள், யாரோ ஜெபம் பண்ணி மூலைக்கல் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பேச்சு சபையில் எழுந்தால் உடனே ஒருவர் சமாதானம் சொல்வார்: "நாம எல்லாருமே பாவிகள்தானே, பிரதர்." வேதவசனம்தான். ஆனால் அதைச் சொல்கிறவர் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். சுவரை எழுப்பியவனும் சுவருக்கு அப்பால் நின்றவனும் ஒரே தராசில் சமமாகிவிடுவார்கள். அகஸ்டினின் காலத்தவரான பெலேஜியஸ் எரிச்சல்பட்டது இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுத்தான். ரோமாபுரிக் கிறிஸ்தவர்கள் மனித பலவீனத்தைச் சாக்குச் சொல்லிக்கொண்டு ஒழுக்கத்தைக் கோட்டை விடுவதைப் பார்த்து, நல்லது செய்ய மனிதனால் முடியும், செய் என்றார் அவர். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அவர் போதனையைத் தள்ளினார்கள். மனிதனைப் பற்றிய கணிப்பில் அகஸ்டின் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். ஆனால் சபைக் கமிட்டிக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும்போது பெலேஜியஸ்மேல் எனக்குப் பிரியம் கூடிவிடும்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நாம் பறட்டை அண்ணன் என்று அழைப்பவர், இந்தச் சாதிச் சுவரைப் பாட்டாலேயே எதிர்கொண்டார். பறை ஒலிக்க, நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறைமை அமைத்தார். திருவிருந்தை ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதாகப் பார்த்தார். பாவம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அவர் நெஞ்சுக்குள் விரல் நீட்டுவதோடு நிறுத்தாமல் சமையற்கட்டையும் காட்டுவார். யார் வீட்டில் யார் சாப்பிட மாட்டார் என்பது நம் ஊரில் எந்தக் கன்வென்ஷன் பிரசங்கியாருக்கும் தெரியாத ரகசியம் இல்லையே.

மீட்பு எப்படி இருக்கும் என்பதற்கு லூக்கா சொல்லும் சகேயு கதையை நான் பெரிதும் நம்புகிறேன். வரி வசூலிக்கும் ஆள், அத்திமரத்தில் ஏறி நிற்கிறான். இயேசு அவனிடம் ஒரு நிபந்தனையும் வைக்கவில்லை. உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். அழைப்புத்தான் முதலில், அது இலவசம். அகஸ்டினும் லூத்தரும் உயிரை விட்டு வாதாடியது இந்த வரிசைக்காகத்தான். பிறகு சகேயு எழுந்து நின்று பேசுவது முழுக்க முழுக்கக் கணக்கு: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப. இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற வார்த்தை அந்தக் கணக்குக்குப் பிறகே வருகிறது. அவன் அழுததாக லூக்கா ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

நியூட்டனுக்கு இந்தக் கணக்கு தீரவில்லை. 1788-இல் எழுதிய துண்டுநூலில், இந்த அறிக்கை காலம் கடந்து வருகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். பாராளுமன்ற விசாரணையில் கப்பலின் அடித்தளத்தில் என்ன நடக்கும் என்பதைப் பார்த்தவராகப் போய்ச் சாட்சி சொன்னார். பந்தல் சாட்சி அல்ல, வழக்குச் சாட்சி. பின்னாளில் அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸ், அரசியலை விட்டுவிடலாமா என்று 1785-இல் ஆலோசனை கேட்டு வந்தபோது, விடாதே என்று திருப்பி அனுப்பியவரும் அவர்தான். அடிமை வியாபாரத்தைத் தடை செய்த சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அந்த டிசம்பரில் நியூட்டன் இறந்தார். இவ்வளவும் செய்தார். ஆனால் சகேயுவுக்கு எரிகோவில் யார் யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்பது தெரியும், கதவைத் தட்டிக் கொடுத்துவிடலாம். நியூட்டனின் கப்பலில் செத்தவர்கள் நாட்குறிப்பில் எண்களாக இருக்கிறார்கள்: இன்ன எண் ஆண், இன்ன எண் சிறுமி, கடலில் அடக்கம். கடவுள் அவரை மன்னித்தார் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. அந்தச் சிறுமியின் வீட்டார் சார்பில் யாரிடம் போய் அவர் கேட்டிருக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த எந்த ஞானோபதேச வினாவிடையிலும் பதில் இல்லை.