பன்னீர் திராட்சையின் பள்ளத்தாக்கு

யவனர் கலங்களில் கொண்டுவந்த தேறலை நாள்தோறும் பருகி இன்புற்று வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார் (புறநானூறு 56). இப்பாடலை நடத்தும்போதெல்லாம், திராட்சை மது கடல் கடந்த நாடுகளுக்கே உரியது என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். அதே மதுரைக்கு மேற்கே, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்கள் பரந்து கிடக்கின்றன என்பேன்.

இங்கு விளையும் பன்னீர் திராட்சை, ஐரோப்பாவில் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் கருநிற வகை. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது செவிவழிச் செய்தி. குளிர்நாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும் கொடி, இங்கே கவாத்தின் பயனால் இரண்டாண்டில் ஐந்து அறுவடை தருகிறது. வந்த கொடிக்கு வாசனையான ஒரு பெயரையும் சூட்டிவிட்டோம்.

சுருளிப்பட்டியில் ஒரு பெரியவர் சொன்னார்: "வெதையில்லாத பழத்தத்தான் சார் டவுன்ல கேக்குறாங்க. இதத் துப்பித் திங்க யாருக்குப் பொறுமை இருக்கு?"

மது, பழச்சாறு, ஜாம் அனைத்துக்கும் ஏற்ற பழம் இது. ஆனால் அறுத்தபின் நெடுநாள் தாங்காது. விலை சரிந்தால் உழவருக்குக் காத்திருக்க வழியில்லை. சாறாகவோ மதுவாகவோ மாறினால்தான் அவர் உழைப்பு நிலைக்கும். 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். கொடியைக் காக்க வேண்டியவர்கள் வாங்கும் நாம்தாம். அடுத்தமுறை கடையில் கேட்டு வாங்குங்கள், விதை இருக்கும்.