வில்பத்துக் காட்டிற்குச் செல்வோம்

கலகெதர மலைச்சரிவில் இறங்கிக் குருநாகலைக் கடந்து வடக்கே செல்லச் செல்லக் குளிர்ச்சி குன்றி, வரண்ட நாடு தொடங்குகின்றது. அநுராதபுரத்திற்கு மேற்கே விரிந்து கிடக்கின்றது வில்பத்து. 1938ஆம் ஆண்டு தேசிய வனமாக்கப்பட்ட இக்காடு, போரினால் நெடுங்காலம் மூடப்பட்டிருந்து, 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது.

மழைநீர் தேங்கும் இயற்கைத் தடாகங்களே இதன் சிறப்பு. அவற்றை 'வில்லு' என்பர். கோடையில் மானும் யானையும் கரடியும் சிறுத்தையும் அந்நீரை நாடியே வருகின்றன. நாம் காண விழைவதும் அதுவே; அஞ்ச வேண்டியதும் அதுவே.

ஆகவே, குழந்தைகளுடன் செல்வோர் முன்னரே திட்டமிடல் வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்ப எண்ணாது, முதல்நாளே அநுராதபுரத்தில் தங்கி, விடியற்காலையில் ஹுனுவில்கம வாயிலை அடைவது நன்று. மணற்பாதைக்கு ஏற்ற ஜீப்பும் வழியறிந்த சாரதியும் இன்றியமையாதவை. காட்டினுள் கடைகள் இல்லை; தொலைபேசித் தொடர்பையும் நம்புதற்கில்லை. குடிநீர், உணவு, மருந்து யாவற்றையும் நாமே கொண்டுசெல்வோம். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் கூறிவைப்போம்.

அனுமதிக்கப்பட்ட இடமன்றி வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கலாகாது. யானை வழிமறித்தால் ஓசையின்றிக் காத்திருப்போம். அது அதன் வீடு, நாம் விருந்தினரே.