விருதின் பெயர்

கோலியர்ஸ் வுட் நிலக்கீழ் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு வீட்டின் முன்னறையில்தான் எங்கள் வாசகர் வட்டம் கூடும். வட்டம் என்பது பெரிய சொல். ஆறேழு பேர், தேத்தண்ணி, ரூட்டிங்கில் வாங்கிய வடை.

ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' 1994இல் வெளிவந்தது. தகப்பன் தமிழர், தாய் சிங்களவர், கொழும்பில் பிறந்து 83க்குப் பின் கனடா போனவர். நாவலும் 83 ஆடியில் போய்த்தான் முடிகிறது. எங்கள் வீடுகள் எரிந்த கதையை ஆங்கில உலகம் வாசிக்கிறது என்பதே எங்களுக்குப் போதுமாயிருந்தது. கனடாவில் முதல் நாவலுக்கான பரிசு கிடைத்ததை ஊரெல்லாம் சொன்னோம். பிறகு லம்டா விருதும் கிடைத்தது. தற்பால் விருப்பினரின் வாழ்வைச் சொல்லும் நூல்களுக்காக 1989 முதல் அமெரிக்காவில் வழங்கப்படும் விருது அது. அதை மட்டும் 'அமெரிக்காவிலும் ஏதோ பரிசாம்' என்று சொல்லி முடித்துக்கொண்டோம்.

கூட்டத்திலும் அப்படித்தான். சேலை சுற்றி மணப்பெண் விளையாடிய அர்ஜி, பிறகு பள்ளித் தோழனைக் காதலித்த அர்ஜி, அவனைத் தாண்டிக் கலவரத்துக்குப் பாய்ந்து இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். நாங்கள் முற்போக்காளர்கள் என்ற நினைப்பு வேறு.

எங்களில் ஒருவரின் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பல வருடங்களுக்குப் பிறகு சொன்னான்:

"மாமா, நான் தேத்தண்ணித் தட்டோட கதவடியில நிண்டனான். அர்ஜியின்ர பேர் வருமெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

பள்ளிக்கூடத்திலும் அவனுக்கு வழியில்லை. உள்ளூராட்சி மன்றங்கள் தற்பால் விருப்பத்தை 'ஊக்குவிக்க'க் கூடாது என்ற 28ஆம் பிரிவு 1988இல் வந்து, இங்கிலாந்தில் 2003வரை இருந்தது. ஆசிரியர்கள் பயத்தில் வாய் திறக்கவில்லை. எங்களுக்கு எந்தச் சட்டமும் தடையாக இருக்கவில்லை.

யாரிடமும் கேட்க முடியாத பொடியனுக்கு விருதுப் பட்டியல்தான் உதவியது. பெயர்களைக் கொப்பியில் எழுதி, நூலகம் நூலகமாகத் தேடி, மட்டைக்குக் கடதாசி சுற்றி நோர்தேன் லைன் ரயிலில் வாசித்தானாம். விருதுகளை எழுத்தாளருக்குப் போடும் பொன்னாடையாகவே பார்த்துப் பழகிய எங்களுக்கு இது உறைக்கக் கனகாலம் எடுத்தது.

2005இல் செல்வதுரை இளையோருக்காகவே 'ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ' எழுதினார். 1980இன் கொழும்பு; கனடாவிலிருந்து வரும் மச்சான்மேல் மனம் போகும் பதினாலு வயது அம்ரித். சிறுவர், இளையோர் பிரிவில் அதுவும் லம்டா விருது பெற்றது. "எனக்குப் பத்து வருசம் பிந்தி வந்த புத்தகம்" என்றான் அவன்.

போன மாரியில் அதை எடுத்து வாசித்தோம். அவனையே பேசக் கேட்டோம். அறிவித்தலில் விருதின் பெயரையும், அது எதற்கான விருது என்பதையும் முழுதாக எழுதினோம். இரண்டு பேர் வரவில்லை. வடை மிஞ்சியது. அவனிடமே கட்டிக் கொடுத்துவிட்டோம்.