தட்டில் பாட்டா? காற்றில் பாட்டா?

வீடு மாற்றப் புறப்பட்டவர்களுக்கு ஒரு விசேஷ குணம் வந்துவிடும். பத்து வருஷமாகக் கண்ணில் படாத சாமான்களெல்லாம் திடீரென்று கண்ணில் படும். பட்ட மாத்திரத்தில் அவற்றின் மேல் கோபம் வரும். சென்ற வருஷம் நாங்கள் மயிலாப்பூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டே அறைகள் கொண்ட ஃபிளாட்டுக்குப் போகத் தீர்மானித்தோம். அப்போது எங்கள் கோபத்துக்கு முதல் பலியாக இருந்தது, கூடத்து மூலையில் நின்ற ஒரு மர அலமாரி.

அது என் மாமனாருடையது. மேல் தட்டில் நாற்பது எல்.பி. ரிக்கார்டுகள், நடுத் தட்டில் காஸெட்டுகள், கீழ்த் தட்டில் இருநூற்றுச் சொச்சம் ஸி.டி.க்கள். ஆக, தட்டுக்குத் தட்டு தட்டு!

"இத்தனையும் இதற்குள்ளே அடக்கம்" என்று என் கணவர் தம் கைபேசியை உயர்த்திக் காட்டினார், திரிவிக்கிரமனைத் திரும்பவும் வாமனனாக்கிவிட்டவர் போல. "பழைய பேப்பர்காரரைக் கூப்பிடு. அலமாரி இருக்கிற இடத்தில் குழந்தையின் மேஜையைப் போடலாம்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் தலை நிமிரவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. மாமியார் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை, மருமகளாக இருக்கும் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நானும் என் கணவர் கட்சிதான். தட்டு வாங்குவதில் உள்ள கஷ்டம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு பாட்டு பிடித்திருக்கும். அதற்காகக் கூடவே வருகிற ஏழு பாட்டுக்களையும் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஒரு முருங்கைக்காய் கேட்டால் கட்டோடுதான் கொடுப்பேன் என்று காய்கறிக்காரி சொன்னால் நாம் சும்மா விடுவோமா? பாட்டு விஷயத்தில் மட்டும் வெகு காலம் சும்மா விட்டோம். 2003-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஆப்பிள் கம்பெனி அமெரிக்காவில் இன்டர்நெட் வழியாகப் பாட்டுக் கடை திறந்து, ஒரு பாட்டு 99 சென்ட் என்று உதிரியாக விற்கத் தொடங்கியது. நம் நாட்டுக்கு அந்தக் கடை 2012-இல் வந்து சேர்ந்தது. கடைக்குப் போக வேண்டாம். ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டாம். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே பாட்டு வீட்டுக்கு வந்துவிடும். இதை வேண்டாம் என்பவர் யார்?

என் மாமனாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. கண் பார்வை மங்கி, உறையில் உள்ள பொடி எழுத்துக்களைப் படிக்க முடியாமல் போன பிறகு, நான்தான் அவருடைய கைபேசியில் ஒரு பாட்டுச் செயலியைப் போட்டு, வருஷச் சந்தாவும் கட்டிக் கொடுத்தேன். என் பெண் அவருக்கு வாத்தியார். ஒவ்வொரு பாட்டாக டவுன்லோடு செய்து, நூற்றறுபது பாட்டுக்கள் சேர்த்துவிட்டார். கடைசி இரண்டு வருஷம் அந்தக் கைபேசிதான் அவருக்குக் கச்சேரி மண்டபம்.

சாமான் கட்டிக்கொண்டிருந்த அந்த வாரத்திலேயே, அவர் காலமாகி ஒரு வருஷம் நிறைந்தது. காரியங்களெல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, சாயங்காலம் மாமியார் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அவர் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுக்களைக் கொஞ்சம் போடேன்."

இது என்ன பிரமாதம் என்று நான் அவருடைய கைபேசியை எடுத்தேன். சந்தா முடிந்துவிட்டது என்றது செயலி. பணத்தைக் கட்டினால் போயிற்று என்று பார்த்தால், முதலில் உள்ளே நுழைய வேண்டுமாம். நுழைவதற்கு, பதிவு செய்த நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றது. அந்த நம்பரை, யாரும் பேசாத போனுக்கு எதற்கு மாதாமாதம் ரீசார்ஜ் என்று, ஆறு மாதத்துக்கு முன்பே நாங்கள் விட்டுவிட்டிருந்தோம். ஓ.டி.பி. போயிருக்கும், யாருக்குப் போயிற்று என்பதுதான் தெரியாது.

கம்பெனிக்கு எழுதினேன். மிக மரியாதையாகப் பதில் வந்தது. டவுன்லோடு செய்தவை சந்தா உள்ளவரையில்தான் திறக்குமாம். கணக்கை வேறொருவர் பெயருக்கு மாற்ற விதி இல்லையாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சேரும்போது நான் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்திய பக்கத்தில் அதெல்லாம் எழுதித்தான் இருந்தது. விலை கொடுத்து வாங்கினோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களோ கேட்பதற்கு அனுமதிதான் கொடுத்திருக்கிறார்கள். அனுமதி கேட்டவரோடு போய்விட்டது.

அன்று மாலை வேறு வழியில்லாமல் அலமாரியைத் திறந்தேன். கட்டி வைத்த டி.வி.டி. பெட்டியைப் பிரித்து, டெலிவிஷனோடு சேர்த்தேன். கைக்கு வந்த ஸி.டி.யைப் போட்டதும் பாடிற்று. அது நம்பர் கேட்கவில்லை. நீ யார் என்று கேட்கவில்லை.

என் மாமனாருக்கு ஒரு வழக்கம் உண்டு. குடையானாலும், டார்ச் பாட்டரியானாலும் வாங்கிய தேதியையும் விலையையும் அதன் மேலேயே எழுதிவிடுவார். ஸி.டி. உறைகளிலும் அப்படியே எழுதியிருந்தார். ஓர் உறையில் தேதிக்கும் விலைக்கும் கீழே, பென்சிலில் இன்னும் ஒரு வரி இருந்தது: '3-ஆவது பாட்டு - வீட்டில் பிடிக்கும்.'

அந்தக் காலத்து மனிதருக்கு 'வீட்டில்' என்றால் மனைவி என்று அர்த்தம். உறையை மாமியாரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது எனக்குப் பிடிக்கும் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லையே!" என்றார்.

அப்புறம் அலமாரியைப் பற்றி எங்கள் வீட்டில் பிரஸ்தாபமே இல்லை.

ஆனால் தட்டுதான் உசத்தி, மற்றதெல்லாம் மட்டம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். தட்டுக்கும் நோய் உண்டு. எங்கள் அலமாரியில் இரண்டு ரிக்கார்டுகள் வளைந்திருந்தன, காஸெட்டுகளில் பாதி பூஞ்சை பிடித்திருந்தன, ஸி.டி.க்களில் ஏழு ஒரே வரியைத் திக்கித் திக்கிப் பாடின. இப்போது வருகிற லாப்டாப்புகளிலோ தட்டுப் போடும் வாயே அநேகமாகக் கிடையாது.

தட்டின் அளவுக்குத் தகுந்தபடி சங்கீதமும் கையைக் காலை மடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றிய பழைய ரிக்கார்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷந்தான். கச்சேரியில் அரை மணி பாடும் கிருதியை வித்வான்கள் அதற்குள் அடைத்துக் கொடுத்தார்கள். 1948-இல் எல்.பி. வந்த பிறகுதான் மூச்சு விட இடம் கிடைத்தது. 1963-இல் எம்.எஸ். சுப்புலக்ஷ்மியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யாக வந்தது, இருபது நிமிஷ ஸ்தோத்திரம் இடையில் அறுபடாமல் வீடு வீடாக ஒலித்ததற்கு அந்தத் தட்டின் நீளமும் ஒரு காரணம். 1982-இல் வந்த ஸி.டி., 74 நிமிஷம் வரை இடம் கொடுத்தது.

டவுன்லோடு பாட்டு இதற்கு நேர்மாறு. நீளத்துக்கு அளவில்லை, சாரத்தில்தான் கொஞ்சம் கழிவு. ஸி.டி.யில் ஒரு நிமிஷச் சங்கீதத்துக்குச் சுமார் 10 மெகாபைட் வேண்டும். சாதாரண எம்.பி.3-க்கு ஒரு மெகாபைட் போதும். பெரிய சத்தத்தின் நிழலில் நம் காதுக்கு எட்டாமல் போகிற சின்னச் சத்தங்களைக் கணக்குப் போட்டுக் கழித்துவிடுகிறார்கள். சினிமாப் பாட்டில் இது தெரியாது. ரொம்பவும் சுருக்கினால் தம்புராவின் சுநாதத்தில் குழறல் தெரியும்.

ஆகவே நாங்கள் கைக்கொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன். பிடித்திருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். புதுப் பாட்டு, இந்த மாதம் கேட்டு அடுத்த மாதம் மறக்கிற பாட்டு, இவற்றுக்குச் சந்தாவே போதும். விலைக்கு டவுன்லோடு செய்வதானால், பூட்டு இல்லாத ஃபைலாக, வேறு கம்ப்யூட்டரிலும் திறக்கக் கூடியதா என்று விசாரித்து வாங்குங்கள். உயிருக்கு உயிரான பாட்டுக்களைத் தட்டாக வாங்குங்கள். வீட்டில் உள்ள ஸி.டி.க்களை, தனியாக விற்கிற டிரைவ் ஒன்றை வாங்கி, 'ஃபிளாக்' என்ற முறையில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். அதில் சத்தம் எதுவும் கழிவதில்லை. ஏற்றியதை இரண்டு இடத்தில் வைத்திருங்கள். தட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். பெயர் அச்சடித்த பக்கந்தானே என்று அலட்சியமாகக் கீறிவிடாதீர்கள். பாட்டு இருக்கும் மெல்லிய பூச்சு அந்தப் பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. ரிக்கார்டுகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்தால் வளையாது.

அலமாரி புது ஃபிளாட்டுக்கு வந்துவிட்டது. அதற்கு இடம் விட்டுக் கொடுத்தது, என் கணவரின் உடற்பயிற்சி சைக்கிள். அதில் துணி உலர்த்துவதைத் தவிர வேறு பயிற்சி நடந்து நான் பார்த்ததில்லை. இப்போது அவர் தினம் ராத்திரி நான்கு ஸி.டி. வீதம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றின் பெயருக்குப் பக்கத்திலும், உறையில் தம் தகப்பனார் எழுதிய தேதியையும் விலையையும் விடாமல் தட்டெழுதுகிறார். பென்சில் வரியையுந்தான்.

நீங்களும் இன்று சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, வீட்டில் பெரியவர்கள் பாட்டுக் கேட்கிற கைபேசியைக் கையில் எடுத்து ஒரே ஒரு விஷயத்தை விசாரித்துப் பாருங்கள்: அதற்குரிய ஓ.டி.பி. யார் நம்பருக்கு வருகிறது?

அப்படியே, அவர்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்றும் கேட்டு, எங்கேயாவது எழுதி வையுங்கள்.