ஐந்தாம் எண் சாலையில் இரண்டு இரவுகள்

விடுமுறைக்குக் கடற்கரை போகலாம் என்றால் நம் வீடுகளில் உடனே எழும் பெயர்கள் போர்ட்டிக்சன், பங்கோர், லங்காவி. கொஞ்சம் துணிந்தவர்கள் திரங்கானு வரை போவார்கள். கிள்ளானுக்குப் பக்கத்திலேயே கிடக்கும் சிலாங்கூர்க் கடற்கரையை யாரும் சொல்வதில்லை. காரணமும் இருக்கிறது. அங்கே வெள்ளை மணல் கிடையாது, நீலக் கடல் கிடையாது. சேறு, அலையாத்திக் காடு, கொசு, மீனவக் கம்பங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. ஆனால் நம் பாட்டன் பூட்டன் வாழ்ந்த கதையில் பெரும்பகுதி அந்தச் சேற்றில்தான் நடந்தது.

நான் வானொலி அறிவிப்பாளர். காலை நிகழ்ச்சியில் வாரம் ஐந்து நாளும் சாலை நிலவரம் வாசிப்பது என் வேலை. கூட்டரசு நெடுஞ்சாலை, கெசாஸ், எல்டிபி என்று தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். கூட்டரசு 5-ஆம் எண் சாலையின் பெயர் என் வாயில் வருவது கிள்ளானில் நெரிசல் என்றால் மட்டும்தான். ஜொகூரின் ஸ்கூடாயில் புறப்பட்டு, மேற்குக் கரையை ஒட்டியே ஏறி ஈப்போ வரை போகிற சாலை அது. சிலாங்கூரில் மோரிப், பந்திங், கிள்ளான், காப்பார், கோலசிலாங்கூர், செகிஞ்சான், சபாக் பெர்ணம் எல்லாம் அதன் மேல்தான் இருக்கின்றன. மூன்று நாள் விடுமுறை ஒன்று சேர்ந்து வந்தபோது, நானும் கணவரும் அந்தச் சாலையிலேயே போய், கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவு செய்தோம்.

நான் பிரிக்பீல்ட்ஸ் பெண். செங்கல் சூளைகளால் பெயர் பெற்று, பிறகு இரயில்வே தொழிலாளர்களால் தமிழ்ப் பேட்டையான இடம். என் தாத்தாவும் இரயில்வேக்காரர்தான். கணவர் வீட்டார் காப்பாருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தோட்டத்துக்காரர்கள். கிளம்பும் முன் மாமாவிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது, "அந்த வழியாத்தானே போறீங்க? நம்ம தோட்டத்துக் கோயில் கிணறு இருக்கான்னு பார்த்துட்டு வாம்மா" என்றார். எழுபதைத் தாண்டியவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பக்கம் போகாதவர்.

காரில் இரண்டு பேர் கூடாரம், பாய், சின்ன கேஸ் அடுப்பு, கொசுவர்த்தி, ஒரு பெரிய தண்ணீர் டின். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, முதல் நாள் தெற்கே திரும்பினோம்.

முதல் நிறுத்தம் கேரித் தீவு. தீவு என்று பெயர்தானே தவிர, லங்காட் ஆற்றின் மேல் பாலம் இருப்பதால் காரிலேயே போய்விடலாம். வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயர் அது. அவருக்கு வெகு காலம் முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் மா மெரி பூர்வகுடியினர். சுங்கை பும்புன் கிராமத்தில் அவர்கள் நீரே பத்து என்ற அலையாத்தி மரத்தில் முன்னோர் ஆவிகளின் முகங்களைச் செதுக்குகிறார்கள். கடலுக்கு நன்றி சொல்லி அவர்கள் நடத்தும் சடங்குக்குப் பெயர் 'பூஜா பந்தாய்'. பூஜை என்ற சொல் அவர்கள் வாயில் கேட்டதும், நம் மாசி மகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மூன்றாவது துறைமுகம் இந்தத் தீவில் வரலாம் என்ற பேச்சு சில ஆண்டுகளாக இருக்கிறது. துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? என் தாத்தா வந்து இறங்கியதே ஒரு துறைமுகத்தில்தான். 1901-இல் திறக்கப்பட்டு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட இடம், 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. ஆனால் நீரே மரம் போய்விட்டால் சிற்பம் எதில் செதுக்குவார்கள்? தீவை விட்டு வரும் வழியெல்லாம் கணவரும் நானும் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

அங்கிருந்து ஜுக்ரா மலை. ஒரு காலத்தில் சிலாங்கூர் சுல்தான் இருந்த ஊர். சுல்தான் அப்துல் சமாட்டின் அடக்கத்தலம் அங்கே இருக்கிறது. சிறிய மலைதான், ஆனால் சுற்றிலும் தட்டை நிலம் என்பதால், மேலிருந்து பார்த்தால் ஆறும் செம்பனையும் கடலும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன.

இரவு மோரிப். மாலை ஐந்து மணிக்கு நாங்கள் போனபோது கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. எங்கும் சாம்பல் நிறச் சேறு, அதில் கொக்குகள். கூடாரம் போட்டு, சாதம் வடித்து, நெத்திலிச் சம்பல் சூடாக்கி முடிப்பதற்குள் தண்ணீர் சத்தமில்லாமல் தடுப்புச் சுவர் வரை வந்துவிட்டது. இந்தக் கரையில் பெருக்குக்கும் வற்றுக்கும் நடுவே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு. கூடாரம் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கடல் பெருக்கு நேரம். வானிலை அதற்கு அடுத்துதான்.

அந்தச் சேற்றுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி, மலாயாவை மீட்க வந்த பிரிட்டிஷ் படை இறங்கிய இடங்களில் மோரிப்பும் ஒன்று. இறங்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்திருந்தது. நல்ல வேளை. வாகனங்கள் பல சேற்றில் புதைந்து நின்றனவாம். எதிரே துப்பாக்கிகள் இருந்திருந்தால் எத்தனை தாய்மார்கள் அழுதிருப்பார்கள்? நினைவுக்கல்லைப் பார்த்துவிட்டு வந்து படுத்தால், சவுக்கு மரக் காற்றில் தூக்கம் உடனே வரவில்லை.

மறுநாள் வடக்கே. கிள்ளானைக் கடந்து காப்பார் போனதும் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நெடுந்தூரம் கூடவே வருகின்றன. இந்த இடத்தில் சாலையை ஒட்டிய வாய்க்கால்களைக் கவனியுங்கள். இந்த நிலம் இயற்கையாகவே இப்படி இருந்ததில்லை. கடல் பெருகினால் மூழ்கக்கூடிய தாழ்வான களிமண் நிலம். கடல் பக்கம் மண்ணால் கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, கடைசியில் தண்ணீர்க் கதவு வைத்தார்கள். கடல் வற்றும்போது கதவு திறந்து மழைநீர் வெளியேறும். பெருகும்போது மூடிக்கொண்டு உப்புநீரைத் தடுக்கும். மண்வெட்டி பிடித்து அந்த வாய்க்கால்களை வெட்டிய கைகளில் நம்மவர்களின் கைகளும் உண்டு. பிறகுதான் அங்கே ரப்பரும் தென்னையும், கடைசியாகச் செம்பனையும் வந்தன.

கூலிக்காக மட்டும் அவர்கள் வாழவில்லை என்பதற்கும் இந்த வட்டாரமே சாட்சி. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர். எச். நாதன் அதன் தலைவர்களில் முக்கியமானவர். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான பள்ளிக்கூடம், கள்ளுக்கடையை மூடுவது என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றில் ஒன்று, துரை முன்னாலும் கிராணி முன்னாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போகும் உரிமை. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் பரவியபோது இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இதைப் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் காப்பார் சாலையில் நாங்கள் தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தபோது கணவர் சொன்னார்: "தாத்தாகிட்ட ஒரு ராலே சைக்கிள் இருந்துச்சாம். தூரத்துல துரை கார் சத்தம் கேட்டாலே இறங்கி, தள்ளிக்கிட்டு ஓரமா நிப்பாராம். அப்பா சொல்வாரு." அதற்குப் பிறகு சற்று நேரம் இருவரும் பேசவில்லை. ஒரு மனிதன் தன் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவதற்காகப் போராட வேண்டியிருந்தது. அந்த வட்டாரத்தில்தான் நாங்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு சுற்றுலா போகிறோம்.

மாமாவின் தோட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பெயர்ப்பலகை இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் கிடங்குகள். சாலையோரச் சாப்பாட்டுக்கடை அக்காதான் வழி சொன்னார்: "ஸ்கூல் பேரைக் கேளுங்க தங்கச்சி. தோட்டம் போயிருச்சு, பேரு ஸ்கூல்ல இருக்கு." உண்மைதான். நாடு முழுக்க எத்தனையோ தோட்டங்கள் மறைந்தும், அவற்றின் பெயர்களை இன்று சுமந்துகொண்டிருப்பவை தமிழ்ப்பள்ளிகளே. பள்ளியை வைத்துக் கோயிலைப் பிடித்தோம். மாரியம்மன் கோயில், புதிதாக வர்ணம் பூசியிருந்தார்கள். கிணற்றின் மேல் சிமெண்டுப் பலகை போட்டு, அதன் மேல் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள்.

வீடியோ அழைப்பில் மாமாவுக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "மூடி வெச்சது நல்லதுதாம்மா, பிள்ளைங்க விழுந்துரும்" என்றார். பிறகு, "கடல் பக்கம் கரை உடையாம இருக்கா? பெரிய பெருக்கு வந்தா உப்புத்தண்ணி கோயில் வரைக்கும் வரும்" என்று கேட்டார். விட்டு வந்து இத்தனை ஆண்டாகியும் அவர் கவலை கரையைப் பற்றித்தான் இருந்தது. பூசாரியிடம் கேட்டேன். கரை இருக்கிறது, அதற்கு வெளியே அலையாத்திக் காடும் இருக்கிறது என்றார். அந்தக் காடு அலையின் வேகத்தைக் குறைத்துவிடுவதால்தான் மண்கரை நிற்கிறது. காட்டை வெட்டினால் அடுத்த அடி கரைக்கு விழும்.

ஜெராமில் மதியம் நண்டுக் கறி. புக்கிட் ரோத்தானில் 2013-இல் குடமுழுக்கு கண்ட ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தில் கொஞ்ச நேரம். மாலையில் கோலசிலாங்கூர். புக்கிட் மெலாவத்தி மலையில் டச்சுக்காரர்கள் பெயர் வைத்த கோட்டை, 1907-ஆம் ஆண்டு கலங்கரை விளக்கம், கையில் இருப்பதைப் பிடுங்கும் குரங்குகள். மலையடியில் இயற்கைப் பூங்கா. அலையாத்திக் காட்டுக்குள் நடக்க மரப்பாதை இருக்கிறது. சேற்றில் துள்ளும் மீன்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இருட்டியதும் கம்போங் குவாந்தான். சம்பானில் ஆளுக்கொரு மிதவைச் சட்டை, துடுப்பு போடும் பாக்சிக்கைத் தவிர வேறு சத்தமில்லை. சிலாங்கூர் ஆற்றங்கரை பெரம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் விட்டு விட்டு ஒளிர்கின்றன. இது இணை தேடும் சமிக்ஞை. அவற்றின் புழுக்கள் மரத்தில் இல்லை, கரையின் ஈர மண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. அதனால் மரத்தை மட்டும் விட்டுவைத்துப் பின்னால் உள்ள நிலத்தைத் துப்புரவாக்கினாலும் மின்மினி அழிந்துவிடும். போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கைப்பேசி விளக்கைப் போடாதீர்கள். படத்தில் அது விழவே விழாது.

இரண்டாம் இரவு, செகிஞ்சான் வயல் ஓரத்தில் பணம் கட்டித் தங்கும் முகாம். 1930-களில் தொடங்கிய தஞ்சோங் காராங் பாசனத் திட்டம் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கியது. இங்கே ஆண்டுக்கு இரண்டு போகம். நாங்கள் போனபோது பயிர் பச்சையாக இருந்தது. விடியற்காலையில் கூடாரத்தைத் திறந்தால் பனியோடு நெல் வாசம். "தஞ்சாவூருக்கே போன மாதிரி இருக்குங்க" என்றேன். "தஞ்சாவூர் போயிருக்கியா?" என்றார் கணவர். போனதில்லை. பாட்டி சொன்ன வாசனைதான்.

மூன்றாம் நாள் சபாக் பெர்ணம் வரை போனோம். பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் பேராக். ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ என்று தமிழர்கள் நிறைந்த தென்னை நாடு தொடங்குகிறது. அதற்கு இன்னொரு விடுமுறை வேண்டும்.

நீங்கள் போவதாக இருந்தால் சில குறிப்புகள். பள்ளி விடுமுறையில் மோரிப் நிரம்பி வழியும், சாதாரண வார இறுதி நல்லது. பொதுக் கழிப்பறைக்கு எட்டும் தூரத்தில் கூடாரம் போடுங்கள். மாலை ஆறு முதல் எட்டு மணி வரை கொசுவும் அகாஸ் பூச்சியும் விடாது, நீளக்கை சட்டை அவசியம். குப்பையைக் காரிலேயே திரும்பக் கொண்டு வாருங்கள். அலையாத்தி வேரில் சிக்கிய நெகிழிப்பை வெளியே வராது. முக்கியமாக, தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். எந்த வளைவில் என்ன இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல ஆள் இருக்கும்போதே போய்விட வேண்டும்.

மாமா அடுத்த முறை வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூடாரத்தில் படுக்க முழங்கால் இடம் தராதாம். கோலசிலாங்கூரில் விடுதி அறை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.